பதினான்கு வடிதுணிகள்

எனக்கு வெற்றிலை பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மறைத்து ஒருத்தியின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டது போதும்.

என் கணவர் இருந்தவரை சாப்பாடு முடிந்ததும் அவரே வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, ஒரு கிராம்பைக் குத்தி என்னிடம் நீட்டுவார். எனக்கு இருபத்துமூன்று வயதானபோது விஷக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. பொட்டு, பூ, வளையல் எல்லாம் அன்றைக்கே போயின. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். வெற்றிலையைத்தான் விட முடியவில்லை. இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அவரவருக்கு வந்தால்தான் தெரியும்.

தாலி இழந்தவள் வாய் சிவக்கக் கூடாது. திண்டிவனத்தில் எங்கள் ஜைனர் தெருவில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்கத் தேவையும் இல்லை. நான் கணவரின் அண்ணன் நேமிராஜ் வீட்டில், பின்கட்டு அறையில் இருந்தேன். ஓரகத்தியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து தினம் ஓர் இலையை எடுத்து, துளிச் சுண்ணாம்பு தடவி, ஒரு துண்டுப் பாக்கும் ஒரு கிராம்பும் வைத்து முந்தானையில் முடிந்துகொள்வேன். மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு மெல்லுவேன். அப்புறம் அடுப்புக்கரியால் பல்லையும் நாக்கையும் தேய்த்துக் கொப்பளித்துவிடுவேன். ஒரு குருவிக்குக்கூடத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

தையலும் அந்த மத்தியானங்களில்தான் ஆரம்பித்தது. எங்கள் வீடுகளில் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். கண்ணுக்குத் தெரியாத உயிர் அதில் இருக்கிறது, அது நம் வயிற்றுக்குள் போய்ச் சாகக் கூடாது. துணியை இரண்டாக மடித்து, ஓரம் தைத்து, குடத்தின் வாயில் கட்டுவோம். வடிதுணி என்று பெயர். வெயிலில் தூக்கிப் பிடித்தால் சூரியன் வட்டமாகத் தெரியக் கூடாது, அவ்வளவு நெருக்கமாக இழை இருக்க வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு துணியில் தங்கியதை அதே கிணற்றில் அலசி விட்டுவிடுவோம்.

யுத்தம் நடந்த காலம். துணிக்குக் கன்ட்ரோல் வந்து, ஒரு முழம் காடாத் துணிக்குக்கூட வரிசையில் நின்றார்கள். பழைய வேட்டிகளைக் கிழித்து நான் எங்கள் வீட்டுக்கு வடிதுணி தைத்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி கேட்டாள். பிறகு எதிர் வீடு. வடிதுணியோடு இட்லித் துணி வந்தது, சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி வந்தது. கந்தலை நாலைந்து அடுக்காக வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தைக்க வேண்டிய பிடிதுணிக்கு விரலில் பலம் வேண்டும். என் ஒருத்தியால் ஆகவில்லை.

அப்போதுதான் லூர்துமேரி கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். ரயிலடியில் மூட்டை தூக்கும் சவுரிராயனின் மனைவி. சிறு வயதில் கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்தவள். கையில் ஒரு பிடிதுணி இருந்தது.

"இது நான் தைச்சதுங்க. பாருங்க, புடிச்சிருந்தா வேலை குடுங்க. புடிக்கலன்னா பேஜாரு இல்ல, நான் போய்க்கினே இருப்பேன்."

பார்த்தேன். எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரே அளவுத் தையல். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்றிலிருந்து தினம் வந்தாள். பின்கட்டு வாசற்படிக்கு வெளியே அவள், உள்ளே நான். ஊசி, கத்தரி, நூல்கண்டு எதுவானாலும் படியின் மேல் வைப்பேன், எடுத்துக்கொள்வாள். கைக்குக் கை கொடுத்ததில்லை. அப்போது அது எனக்குத் தப்பாகவும் தெரியவில்லை. வெற்றிலை மெல்லும் நேரத்தில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன்.

அவள் ஊசியில் நூல் கோப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டு ஒன்றை இடுப்பில் செருகி வைத்திருப்பாள். நூல் நுனியை மெழுகில் ஒரு இழு இழுத்து, பிறகு கோப்பாள். நானா? நாக்கில் தொட்டு ஒரு திருகு திருகினால் ஒரே நொடியில் நூல் உள்ளே போய்விடும். முடிச்சுப் போட்டதும் பல்லால் கடித்து அறுத்துவிடுவேன்.

"கத்தரியத் தேடி, மெழுகத் தேடி, நீ எப்ப தைக்கிறது? பல்லு எதுக்கு இருக்குது?" என்பேன்.

"சிஸ்டரு அடிப்பாங்க. அப்படியே பழகிடுச்சிங்க" என்பாள்.

தைத்து முடித்தவற்றைக் கஞ்சிப் பசை போக அலசி உலர்த்துவதும் அவள் வேலை. நான் கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டு, பொழுது இறங்குமுன் சாப்பிட உள்ளே போய்விடுவேன். விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. நான் வருவதற்குள் துணியெல்லாம் கொடியில் தொங்கும்.

வந்து ஒரு மாதம் ஆனபோது அவள் கூலியோடு இன்னொன்று கேட்டாள்.

"சாயங்காலத்துல ஒரு கொட்டாங்கச்சி மோரு ஊத்துவீங்களா? புளிச்சதுதான் வேணும்."

எங்கள் வீட்டில் புளித்த மோரை யாரும் தொடுவதில்லை, அதிலும் உயிர் உண்டாகிவிடும். கீழே கொட்டுவதை இவளுக்கு ஊற்றினால் என்ன குறைந்துவிடப்போகிறது? கேப்பைக் கூழுக்கு ஊற்றிக்கொள்வாள், பாவம் என்று நினைத்தேன். சாப்பிடப் போகுமுன் அவள் கொட்டாங்கச்சியில் உயரத்திலிருந்து ஊற்றிவிட்டுப் போவேன். சில நாள் முணுமுணுத்துக்கொண்டே ஊற்றியிருக்கிறேன். "தினம் மோரு மோருன்னு உசிர எடுக்கிறியே" என்று ஒருநாள் எரிந்துகூட விழுந்தேன்.

அடுத்த ஆவணியில் குணமதி அம்மாள் வந்தார். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை வாங்கி விற்கும் சந்திரப்பிரபுவின் மனைவி, எங்கள் தெருவிலேயே பெரிய கை.

"அனந்து, பதினாலு வருஷமா இருந்த நோன்பு புரட்டாசியில முடியுது. பதினாலு பேருக்கு வச்சிக் குடுக்கணும். ஆளுக்கு ஒரு வடிதுணி, ஒரு இட்லித் துணி, ஒரு புடிதுணி. மத்ததை யாரு வேணா தைக்கட்டும். வடிதுணி பதினாலும் நீ தைக்கணும். சுத்தமான கையால வரணும்."

விழுப்புரத்திலிருந்து பர்மிட் வாங்கி, இரண்டு மாதம் அலைந்து எடுத்த துணியை என் மடியில் வைத்தார். இன்னொரு முழம் வேண்டும் என்றாலும் கிடைக்காத துணி.

"நல்லா வந்துதுன்னு வையி, விழுப்புரத்துல எங்க அண்ணன் சத்திரம் வச்சிருக்காரில்ல, வருஷம் பூரா துணி வேலைதான். உனக்கு ஒரு தையல் மிசினு வாங்கித் தரச் சொல்றேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மிஷின் வந்தால் நான் யார் வீட்டுப் பின்கட்டிலும் சோற்றுக்கு நிற்க வேண்டாம். லூர்துமேரிக்கோ, மூட்டை தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்துபோன புருஷனை உட்காரவைத்துச் சோறு போடலாம். அன்று முழுவதும் அதே பேச்சு.

"நான் கான்வென்டுல மிசினு மிதிச்சிருக்கேங்க. நான் மிதிக்கிறேன், நீங்க துணியப் புடிச்சிக்கிங்க" என்றாள்.

"அது சரி, மிசினை எங்க வைக்கிறது? படிக்கு உள்ளேயா, வெளியேயா?"

அவள்தான் முதலில் சிரித்தாள்.

இட்லித் துணியையும் பிடிதுணியையும் அவள் தைத்து முடித்தாள். நோன்புக்கு ஒரு வாரம் இருக்கையில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மூன்று நாள் வரவில்லை. வடிதுணி பதினாலையும் அந்த மூன்று நாளில்தான் நான் தைத்தேன். அவசரம் வேறு, வாயில் வெற்றிலை வேறு. அதுவும் யாரும் பக்கத்தில் இல்லை என்ற துணிச்சலில், ஒன்றுக்கு இரண்டாக. நானே பொழுது சாயும் நேரத்தில் தண்ணீரில் முக்கி எடுத்து, உலர்த்தி, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையிலேயே ஆள் வந்தது. போனேன். குணமதி அம்மாள் வீட்டு முற்றத்தில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். அவர் ஒரு வடிதுணியை வெயிலில் தூக்கிப் பிடித்தார். சூரியன் தெரிகிறதா என்று பார்க்கத்தான் பிடித்திருப்பார். சூரியன் தெரியவில்லை. ஓர மடிப்புக்குள் முடிச்சுக்கு முடிச்சு செம்பழுப்பாகப் புள்ளி தெரிந்தது.

"இது இன்னாடி?"

இன்னொருத்தி மோந்து பார்த்தாள். "கிராம்பு வாசனை. வெத்தலைப் போட்ட வாயி. நூலைக் கடிச்சிருக்கு."

"அருகா! தண்ணியில இருக்கிற உசிரைக் காப்பாத்தத்தான் இந்தத் துணி. அதுலயே எச்சிலா?" குணமதி அம்மாள் அருகதேவனைக் கூப்பிட்டுப் புலம்பினார். பதினாலு வருஷ நோன்பு அல்லவா. "அனந்து, நீ வெத்தலை போடுறவ இல்ல. நீயே தைக்கணும்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன். அவகிட்ட குடுத்துட்டியா?"

எந்நேரமும் ஆடுகிற என் நாக்கு அன்றைக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது அவர்களுக்கு.

லூர்துமேரிக்கு ஆள் போயிற்று. காய்ச்சல் விட்டு ஒருநாள்தான் ஆகியிருந்தது. முந்தானையைப் போர்த்திக்கொண்டு வந்து முற்றத்தின் ஓரமாக நின்றாள். துணியைக் காட்டினார்கள். அவள் முடிச்சைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

"நான் நூலை வாயில வைக்கிறவ இல்லீங்க. இவங்களுக்குத் தெரியும்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஐயோ, அந்த நேரத்தில் நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்படின்னா வாயத் தொற. பல்லக் காட்டு, பாக்கலாம்" என்றாள் மோந்து பார்த்தவள்.

லூர்துமேரியின் பற்கள் வெளேரென்று இருக்கும். அவள் வெற்றிலையைத் தொட்டதே இல்லை. திறந்தால் ஒரு நொடியில் பழி நீங்கும். அவள் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மாட்டுச் சந்தையிலதாம்மா பல்லப் புடிச்சிப் பாப்பாங்க. நான் தைக்க வந்தவ."

"பாத்தீங்களா, திமிர! தப்பு இல்லன்னா தொறக்க வேண்டியதுதான?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். குணமதி அம்மாள் பதினாலு துணியையும் முற்றத்தில் வீசினார். "எடுத்துக்கினு போ. இந்தத் தெருவுல இனிமே உன் கால் படக் கூடாது." அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தை மடியில் கட்டிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்து சோறு தின்றேன்.

மூன்று நாளில் எங்கள் தெருவோடு நிற்காமல் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் தைத்த பிடிதுணிகளை வாங்கியவர்கள் எல்லாம் என் வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். "எச்சி நூலு" என்றாள் ஒருத்தி. "உனக்கு நல்ல காலம், அனந்து. அவளோட போச்சு. குணமதி அம்மா உன்மேல கோவமா இல்ல" என்றாள் ஓரகத்தி. எனக்கு மிஷின் இன்னும் வரலாம் என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரில் படிக்கு வெளியே அவள் உட்காரும் இடத்தைப் பார்க்கப் பார்க்க என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

நோன்பு முடிக்கும் நாள் வந்தது. மத்தியானம் ஓரகத்தி பார்த்துக்கொண்டிருக்க அவள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தேன். நாலு இலையை எடுத்தேன்.

"ஏய் அனந்து, இன்னா பண்றே? பைத்தியம் புடிச்சிருக்கா?"

சுண்ணாம்பை வழித்துத் தடவி, பாக்கை அள்ளிப் போட்டு, வாய் நிறைய மென்றேன். வெள்ளைப் புடவையோடு தெருவில் இறங்கினேன். வழியில் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரோ தன் மகளை உள்ளே இழுத்துக்கொண்டாள். குணமதி அம்மாள் வீட்டுக் கூடத்தில் பதினாலு பெண்கள் மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். துணிக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தார்கள்.

நான் வாசலிலேயே நின்று வாயைத் திறந்தேன். நாக்கை நீட்டினேன்.

"நல்லா பாருங்க. பதினாலையும் நான்தான் தைச்சேன். கறையும் என்னுது, எச்சிலும் என்னுது. அந்தப் பொண்ணு மெழுகு வச்சித்தான் நூல் கோப்பா. இங்க நின்னு பேசாம இருந்தேனே, அந்தப் பாவத்துக்கு எந்த நோன்பு இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

"அருகா" என்று யாரோ காதைப் பொத்திக்கொண்டார்கள். குணமதி அம்மாள் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். பிறகு, "படி ஏறாத. போயிடு" என்றார்.

அன்று மாலையே நேமிராஜ் என் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார், வந்து அழைத்துக்கொண்டு போகச் சொல்லி. என் தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள் ஓரகத்தி.

மறுநாள் காலையில் நான் ரயில் பாதையைத் தாண்டி லூர்துமேரியின் வீட்டைத் தேடிப் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டேனே, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. மடியில் அந்த வடிதுணிகள்தான் கிடந்தன. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும். எங்க ஊட்டுக்காரரு ரயிலடியில கேட்டுக்கினு வந்தாரு" என்றாள்.

"குணமதி அம்மா ஆள் அனுப்பினாங்களா?"

"எதுக்கு அனுப்புவாங்க? என் வாயி இல்லன்னாலும் என் கை பட்டதுதான?"

"அன்னிக்கே நீ வாயைத் திறந்து காட்டியிருக்கலாமே, லூர்து."

"காட்டினா அடுத்தது உங்க வாயிதான். ஆனா உங்களுக்காவ இல்ல, பெருசா நெனச்சிக்காதீங்க. கேட்ட விதம் எனக்குப் புடிக்கல." பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிச்சைக் கத்தரியால் வெட்டினாள். "கறை முடிச்செல்லாம் பிரிச்சிட்டு மறுபடி தைக்கிறேன். பத்து முடிஞ்சுது. விழுப்புரத்து ரயிலடியில காபிக் கடைக்காரங்க பால் வடிகட்டக் கேக்கிறாங்க. எங்க ஊட்டுக்காரரு எடுத்துக்கினு போவாரு. நாலு பாக்கி. சும்மா நிக்கிறதுக்கு உக்காந்து பிரிங்க."

உட்கார்ந்தேன். வெறும் தரையில், அவள் பக்கத்தில். ஊசியையும் மெழுகுத் துண்டையும் என் கையில் வைத்தாள். நான் கடித்த முடிச்சுகளை நானே ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெயில் ஏறியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை, நாக்கு வறண்டது.

"லூர்து, ஒரு வாய் மோர் இருந்தா குடேன்."

அவள் தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் கண் கலங்கியது, கோபத்திலா எதிலா தெரியவில்லை.

"எங்க ஊட்டுல ஏதும்மா மோரு? மாடா கட்டியிருக்கோம்? நீங்க ஊத்தின மோருல ஒரு சொட்டு என் தொண்டையில எறங்கினதில்ல. வெத்தலைக் கறைக்குப் புளிச்ச மோரு போட்டுக் கசக்கினாதான் போவும். நீங்க சாப்புடப் போனப்புறம் தெனைக்கும் முடிச்சு முடிச்சாத் தேடித் தேடிக் கசக்குவேன். காய்ச்சல்ல கெடந்த அந்த மூணு நாளுதான் முடியாமப் போச்சு."

பதினோரு மாதம். உயரத்திலிருந்து ஊற்றினேன்.

நான் குனிந்து நூல் நுனியை மெழுகில் இழுத்தேன். ஊசிக் காது தெரியவில்லை. இரண்டு தடவை முயன்றேன், மூன்றாவது தடவையும் போகவில்லை. லூர்துமேரி என் கையிலிருந்து ஊசியை வாங்கி, நூலைக் கோத்து, திருப்பிக் கொடுத்தாள்.